எலியின் கெண்டைத்தசை எலும்புக்குள் புகுந்தால்: ஓப்பன்சிம் செய்முறை

எலும்பு, மூட்டு, தசைகளின் இயக்கத்தைக் கணினியில் உருவகப்படுத்தும் மென்பொருளான ஓப்பன்சிம்மில் ஆய்வக எலியின் பின்னங்கால் மாதிரியைக் கட்டி முடித்த சந்தோஷத்தில் முழங்காலை மடக்கிப் பார்த்தேன். கெண்டைத்தசை எலும்பைத் துளைத்துக்கொண்டு முன்பக்கம் வந்து நின்றது. அதைச் சரிசெய்ய மூன்று நாள் ஆனது. மைக்ரோ சிடி (நுண்ணிய எக்ஸ்ரே முப்பரிமாண ஸ்கேன்) படத்திலிருந்து எலும்பைப் பிரித்தெடுக்க உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: மூட்டு

தொடக்கத்துக்குக் கீல் போன்ற ஒற்றை அச்சு போதும். தொடையெலும்பின் கீழ்முனையில் உள்ள இரண்டு குமிழ்களுக்கும் வட்டம் பொருத்தி, மையங்களை இணைத்தால் அதுதான் அச்சு. கண்ணளவில் வைக்காதீர்கள்.

படி 2: தசையின் பலம்

தசையின் எடை 0.8 கிராம், நாரின் நீளம் 1.2 செ.மீ., நாரின் சாய்வு 20 டிகிரி என்று கொள்வோம். எடையைச் சாய்வின் கொசைனால் (0.94) பெருக்கி, தசையின் அடர்த்தி (ஒரு க.செ.மீ.க்கு 1.06 கிராம்), நார் நீளம் இரண்டாலும் வகுத்தால் குறுக்குப் பரப்பு சுமார் 0.59 ச.செ.மீ. ஒரு ச.செ.மீ.க்கு 22.5 நியூட்டன் என்று எடுத்தால் 13 நியூட்டன் வரும். நார் நீளத்துக்குப் பதில் முழுத் தசையின் நீளத்தைப் போட்டால் பலம் பாதி அளவுக்கும் கீழே போய்விடும், கவனம்.

படி 3: உருளை (என்னைப் படுத்திய இடம்)

தசை எலும்பைச் சுற்றிப் போக, தொடையெலும்பில் தசையைத் தாங்கும் ஒரு கற்பனை உருளை வைக்க வேண்டும். வைத்தால் மட்டும் போதாது, அந்தத் தசையின் பாதையிலும் உருளையின் பெயரைச் சேர்க்க வேண்டும். இதை நான் மறக்கவில்லை. ஆனாலும் முழங்கால் ஒரு கோணத்தைத் தாண்டியதும் தசை உருளையின் மறுபக்கம் தாவியது.

காரணம், உருளையில் 'குவாட்ரன்ட்' என்ற அமைப்பு 'ஆல்' என்றே இருந்தது. தசை எந்தப் பக்கமும் சுற்றலாம் என்று அர்த்தம். பின்பக்கம் மட்டும் என்று கட்டிப்போட, என் மாதிரியில் எக்ஸ் அச்சு முன்னோக்கி இருப்பதால், மைனஸ் எக்ஸ் கொடுத்தேன். அப்போதும் சரியாகவில்லை! அந்த எக்ஸ் தொடையெலும்புடையது அல்ல, உருளையின் சொந்த அச்சு. நான் உருளையைத் திருப்பி வைத்திருந்ததால் அதன் 'பின்பக்கம்' வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. திருப்பத்தைப் பூஜ்ஜியமாக்கினேன், தசை அடங்கியது.

படி 4: சோதனை

கோணத்துக்கு எதிராக மொமென்ட் ஆர்மை, அதாவது அச்சுக்கும் தசை இழுக்கும் கோட்டுக்கும் உள்ள செங்குத்துத் தூரத்தை, வரைந்து பாருங்கள். கோடு வழுவழுவென்று போக வேண்டும். படிக்கட்டு மாதிரி குதித்தால் உருளையில்தான் கோளாறு. கைக்கணக்கும் உண்டு: 0.1 ரேடியன் மடக்கும்போது தசையின் நீளம் 0.4 மி.மீ. மாறினால் மொமென்ட் ஆர்ம் 4 மி.மீ. இந்த வேலையை எல்லாம் நான் பைதானில்தான் செய்வேன். மெனுவில் சொடுக்கிச் சொடுக்கி மாற்றினால், நேற்று எதை மாற்றினோம் என்று இன்று தெரியாது.

பிற்சேர்க்கை: எலும்பு யானை அளவில் தெரிகிறது என்று இருவர் கேட்டிருந்தீர்கள். எலும்பின் வடிவத்தைச் சேமிக்கும் எஸ்டிஎல் கோப்பில் அலகு கிடையாது. உங்கள் எண்கள் மில்லிமீட்டர், ஓப்பன்சிம் படிப்பது மீட்டர். மூன்று திசையிலும் 0.001 மடங்காகச் சுருக்கக் கொடுங்கள்.