தானாக முளைத்த கன்றைத் தேடுவதும் தேற்றுவதும்

மரக்கன்று வாங்கக் கிளம்புமுன் உங்கள் நிலத்தை ஒருமுறை குனிந்து பாருங்கள். மார்கழிதான் தோதான மாதம். ஐப்பசி, கார்த்திகை மழையில் முளைத்தவை அப்போது ஒரு சாண் உயரத்தில் நிற்கும். உழவு வண்டி இறங்குமுன் ஒவ்வொன்றின் பக்கத்திலும் உயரமான குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். நம் பக்கத்தில் கன்றுகள் அதிகம் அழிவது கலப்பையிலும் ஆட்டு வாயிலும்தான்.

பறவை உட்காரும் இடங்களில் தேடுங்கள்: வேலிக்கம்பி, மின்கம்பி, பனையடி. வேம்பும் மஞ்சணத்தியும் அங்கே கிடைக்கும். ஆட்டுக்கிடை போட்ட இடத்தில் கருவேலும் உடைமரமும் வரும், கூடவே சீமைக் கருவேலும் வரும். நாலைந்து இலை விட்டபின் பிரித்தறியலாம். சீமைக் கருவேலின் இலைக்காம்பு ஒன்றிரண்டு ஜோடியாகத்தான் பிரியும், சிற்றிலை நீளமாக இருக்கும். கருவேலில் பிரிவுகள் கூடுதல், சிற்றிலை பொடியாக இருக்கும். பூத்த மரத்தில் சந்தேகமே வராது: கருவேலுக்கு மஞ்சள் உருண்டை, சீமைக் கருவேலுக்கு நீண்ட கதிர்.

பலரும் தேடாமல் விடும் இடம் சீமைக் கருவேல் புதரின் உள்பக்கம். முள்ளுக்குள் ஆடு நுழையாததால் வேம்பு அங்கே பத்திரமாக வளரும். ஜேசிபி விட்டுப் புதரை ஒரேயடியாகத் தூரோடு பறித்தால் அதுவும் போய்விடும். கன்றுக்கு மேலிருக்கும் கிளைகளை மட்டும் முதலில் வெட்டி வெளிச்சம் விடுங்கள். வெட்டிய இடத்தில் துளிர்ப்பதை மாதம் ஒருமுறை ஒடித்துவிட வேண்டும். வேம்பு தலைக்கு மேல் போனபின் சீமைக் கருவேலின் தூரைத் தோண்டி எடுக்கலாம். வெட்டிய முள்ளையே கன்றைச் சுற்றி இடுப்பளவு அடைத்தால் வேறு வேலி தேவையில்லை.

இடம் மாற்ற ஆசைப்படாதீர்கள். ஒரு சாண் கன்றின் ஆணிவேர் அதைவிட ஆழமாக இறங்கியிருக்கும். அது அறுந்தால் கோடையில் தண்ணீரைத் தேடிப் போக முடியாது. வடலி (இளம் பனை) விஷயத்தில் பேச்சே வேண்டாம், கிழங்கு ஆழத்தில் இருக்கிறது.

சுற்றி இரண்டடிக்குப் புல்லைக் கையால் பிடுங்குங்கள். மண்வெட்டி பட்டால் தண்டு காயப்படும். பனையோலையோ சருகோ நாலு விரல் கனத்துக்குப் பரப்பி, தண்டை ஒட்டி ஒரு சாண் வெறுமையாக விடுங்கள். ஒட்டிக் கிடந்தால் கரையான் ஏறும். சரிவான நிலமென்றால் தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவில் கரை கட்டுங்கள். முதல் கோடையில் மட்டும் 15 நாளுக்கு ஒருமுறை 10 லிட்டர், தூரிலிருந்து ஓரடி தள்ளி ஊற்றினால் போதும். தினமும் கொஞ்சம் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும், ஆனி ஆடி மேல்காற்றில் கன்று சாயும். ஊன்றுகோல் கட்டினால் விரல் நுழையும் தளர்வு இருக்கட்டும், ஒரு வருடத்தில் அவிழ்த்துவிடுங்கள்.

முதல் வருடம் கிளை கழிக்கக் கூடாது, இலைதான் தூரைப் பருக்க வைக்கிறது. அடுத்த வருடம் முதல், கீழே மூன்றில் ஒரு பங்கு மட்டும் கழியுங்கள். நெருங்கி முளைத்த வேம்பில் 15 அடிக்கு ஒன்றாக நேரானதை நிறுத்தி, மற்றதைப் பிடுங்காமல் தரையோடு அறுத்துவிடுங்கள். பிடுங்கினால் நிற்கும் கன்றின் வேரும் சேர்ந்து வரும்.

ஒன்றை மட்டும் இடம் மாற்றியே ஆக வேண்டும்: கிணற்றுச் சுவரில் முளைத்த ஆல், அரசு. வேர் கல்லுக்குள் புகுமுன், மழை நாளில் சுவரை நனைத்து மெதுவாக உருவி, பாதி மணல் கலந்த பையில் வைத்து இரண்டு வாரம் நிழலில் தேற்றி, வீட்டுக்கும் கிணற்றுக்கும் எட்டாத மூலையில் நடுங்கள்.