நுரையீரல் தழும்புக்கு மூலிகைச் சத்து: வாங்கும் முன் சோதிக்க வேண்டியவை

மஞ்சள் விளையும் மண் என்பதாலோ என்னவோ, மஞ்சளின் சத்தான குர்குமின் நுரையீரல் தழும்பைக் கரைத்துவிடும் என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் வந்தால் ஈரோட்டுப் பக்கத்து வீடுகளில் அதை எவரும் எளிதில் சந்தேகிப்பதில்லை. அதைப் பொய்யென்று தள்ளவும் வேண்டாம், அன்றைக்கே மாத்திரை வாங்கவும் வேண்டாம்.

முதலில், நோயாளிக்கு இருப்பது எந்தத் தழும்பு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காசநோய் ஆறிய இடத்தில் நிற்கும் வடு வேறு, நாளுக்கு நாள் பரவி மூச்சைக் குறைக்கும் ஃபைப்ரோசிஸ் வேறு. காரணத்தையும் தேட வேண்டும். 2017-இல் வெளியான இந்தியப் பதிவேட்டு ஆய்வில், இவ்வகை நுரையீரல் நோயாளிகளில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினருக்கு இருந்தது ஒவ்வாமையால் வரும் வகை. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஏர்கூலர் காற்றில் இருந்தவர்கள். மாடியில் புறாக்கூண்டும் கூடத்தில் பூஞ்சை பிடித்த கூலரும் இருந்தால், எந்த மூலிகைக்கும் முன்பாக அவற்றை அப்புறப்படுத்த வேண்டும்.

அடுத்து, ஆய்வு எவ்வுயிரிடம், எந்த நாளில் தொடங்கியது என்று பாருங்கள். பெரும்பாலும் எலிதான். ப்ளியோமைசின் மருந்தைச் செலுத்தி அதன் நுரையீரலைப் புண்ணாக்குவார்கள். முதல் வாரத்தில் இருப்பது அழற்சி, தழும்பு இறுகுவது அதற்குப் பிறகு. ஆகவே முதல் நாளிலிருந்தே குர்குமினையோ நிலவேம்பின் ஆண்ட்ரோகிராஃபோலைடையோ கொடுத்துப் பெற்ற வெற்றி, தழும்பு வராமல் தடுத்ததைக் காட்டுமேயன்றி, வந்துவிட்ட தழும்பை ஆற்றியதைக் காட்டாது. போதாததற்கு, எலியின் தழும்பு நாளடைவில் தானாகவே ஓரளவு மறையக்கூடியது; மனிதருக்கு வரும் ஃபைப்ரோசிஸ் அப்படி மறைவதில்லை.

பிறகு அளவு. ஈரோட்டு மஞ்சளில் நூறு கிராமுக்கு மூன்று, நான்கு கிராம்தான் குர்குமின். நாளொன்றுக்கு 8 கிராம் குர்குமின் விழுங்கியவர்களின் இரத்தத்திலும் அது சொற்பமாகவே தென்பட்டது. அதனால்தான் மாத்திரைகளில் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது: தேவைக்கு மீறி மருந்து உள்ளே ஏறாமல் குடலில் தடுக்கும் பி-கிளைக்கோபுரோட்டீனைப் பைப்பரின் தளர்த்தக்கூடியது என்பதால், ஃபைப்ரோசிஸ் பரவும் வேகத்தைக் குறைக்க மருத்துவர் தரும் நின்டெடானிப் எடுப்பவருக்கு அம்மருந்தின் அளவு உடலில் கூடிவிடலாம். நின்டெடானிப், அதே வேலைக்குத் தரும் பிர்ஃபெனிடோன் இரண்டுமே கல்லீரல் நொதிகளை உயர்த்தக்கூடியவை. செறிவூட்டிய மஞ்சள் மாத்திரையாலும் பச்சைத் தேயிலைச் சாற்றாலும் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு.

"பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே" என்பார்கள். பிரட்னிசோன், அசத்தயோபிரின், அசிட்டைல்சிஸ்டைன் மூன்றையும் சேர்த்து இதே ஃபைப்ரோசிஸுக்கு மருத்துவர்களே பல ஆண்டுகள் கொடுத்துவந்த சிகிச்சை, முறையாகச் சோதித்தபோது மரணங்களைக் கூட்டியதால் 2011-இல் நிறுத்தப்பட்டது. மருந்துக்கே அந்தக் கதி என்றால், சோதிக்காத மாத்திரையைக் கெடுதல் இல்லாதது என்று எப்படிச் சொல்வது?

இத்தனைக்குப் பிறகும் எடுத்துப் பார்க்க விரும்பினால், நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய டப்பாவை அதன் சீட்டோடு நுரையீரல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்; இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவராயின் அதையும் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால், தொடங்கும் முன்பு கல்லீரல் பரிசோதனையும், ஊதச் சொல்லி மூச்சின் அளவைப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியும் எடுத்து வைத்துக்கொண்டு, அவர் சொல்லும் இடைவெளியில் அதே சோதனைகளை மீண்டும் செய்து ஒப்பிட வேண்டும். ஃபைப்ரோசிஸுக்கு மருத்துவர் கொடுத்து நடந்துவரும் மாத்திரையை மட்டும் எக்காரணத்தாலும் நீங்களாக நிறுத்தக் கூடாது. அது தழும்பைக் கரைக்காவிட்டாலும் பரவும் வேகத்தைக் குறைக்கிறது. ரசத்தில் போடும் மிளகும் குழம்பில் போடும் மஞ்சளும் இந்தக் கணக்கில் சேராது. அவற்றை வழக்கம்போல் போட்டுக்கொள்ளலாம்.