ஆப்பிரிக்க நாவல்ல வர்ற பொண்ணுங்கள வாசிக்கும்போது நாம பண்ற தப்பு

புருஷன விட்டுட்டு போனவதான் எதிர்த்தவ, வீட்லயே இருந்தவ அடங்கிப் போனவன்னு டக்குனு முடிவு கட்டிராதீங்க. செனகல்ல மரியாமா பா 1979ல எழுதுன 'இவ்வளவு நீண்ட கடிதம்' படிச்சப்போ நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். ரெண்டு தோழிங்க, ரெண்டு பேர் புருஷனும் இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிறாங்க. அய்சத்து பசங்கள கூட்டிட்டு கெளம்பிடுறா. ரமத்துலாய்க்கு 12 பிள்ளைங்க, புருஷன் கட்டிக்கிட்டது சொந்த மகளோட தோழிய, ஆனாலும் இவ போகல. சே என்னம்மா இதுன்னு கோவமா வந்துச்சு. ஆனா புருஷன் செத்து 40ஆம் நாள் அவன் அண்ணன் வந்து நீ இனி எனக்குத்தான்னு சொல்றப்போ, 30 வருஷம் அடக்கி வச்சதெல்லாம் சேத்து அவன் மூஞ்சிக்கு நேரா கொட்டுறா பாருங்க! அப்புறம் இன்னொருத்தர், நெஜமாவே நல்ல மனுஷன், கேட்டு வர்றாரு, அவருக்கு ஏற்கனவே பொண்டாட்டி இருக்கு, தனக்கு நடந்தத இன்னொரு பொண்ணுக்கு தான் செய்யக்கூடாதுன்னு அவரையும் வேணாங்குறா. எனக்கு இதுதான் அந்த நாவல்லயே பெரிய எதிர்ப்பு.

படிச்சு வேலைக்குப் போய்ட்டா விடுதலைன்னு நெனக்கிறதும் தப்பு. ஜிம்பாப்வே எழுத்தாளர் சிட்சி டங்கரெம்கா 1988ல எழுதுன நாவல்ல மாய்குரு மாஸ்டர் டிகிரி முடிச்சவங்க, சம்பாதிக்கிறவங்க, ஆனா அந்த சம்பளத்துல அவங்களுக்குன்னு ஒண்ணும் இல்ல.

இதெல்லாம் வெள்ளக்காரங்ககிட்ட கத்துக்கிட்ட பெண்ணியம்னு சொல்றவங்கள பாத்தா எனக்கு தாங்காது. நைஜீரியாவோட இக்போ பொண்ணுங்க, தப்பு பண்ண ஆம்பள வீட்டு முன்னாடி கும்பலா போய் உக்காந்து, கேலிப்பாட்டு பாடி, அவன் மன்னிப்பு கேக்குற வரைக்கும் நகர மாட்டாங்க, அது அவங்க பழைய வழக்கம். 1929ல பிரிட்டிஷ் ஆட்சிய எதிர்த்தும் அதே வழியிலதான் ஆயிரக்கணக்குல தெரண்டாங்க, 50க்கும் மேல பொண்ணுங்கள பிரிட்டிஷ் ஆட்சி சுட்டுக் கொன்னுச்சு.

அப்புறம் தலைப்ப நம்பிராதீங்க. புச்சி எமெச்செட்டாவோட 'தாய்மையின் ஆனந்தங்கள்' நாவல் 1979ல வந்துச்சு, தாய்ப்பாசக் கதைன்னு எடுத்தா ஏமாந்துருவீங்க. அதுல வர்ற ந்னு ஈகோ பிள்ளைங்களுக்காகவே தேஞ்சு, கடைசில ரோட்டோரமா தனியா சாகுறா. செத்தப்புறம் பிள்ளைங்க தடபுடலா சடங்கு பண்ணி, கோயிலும் கட்டுறாங்க. ஜெயிச்ச முடிவா இல்லயேன்னு பல பேரு இங்கயே மூடி வச்சிடுறாங்க. கடைசி வரிகள விட்ராதீங்க, பிள்ளை வரம் கேட்டு எத்தன பேரு அவள வேண்டினாலும் அவ ஒருத்திக்குக்கூட குடுக்கல.