கேமிங் லேப்டாப்பில் கிராபிக்ஸ் டிரைவர்: அப்டேட் செய்யலாமா, அப்படியே விடலாமா?

கேம் கொஞ்சம் திணறினால் போதும், சர்வீஸ் கடையில் முதலில் விழும் வார்த்தை: "டிரைவர் லேட்டஸ்ட் போட்டுறலாங்களா?" டிரைவர் என்பது விண்டோஸும் கேமும் கிராபிக்ஸ் சிப்போடு பேச உதவும் சாஃப்ட்வேர். புதுசு போடலாம்தான், கால் மணி நேர வேலை. ஆனால் டிரைவரால் வராத கோளாறு டிரைவரை மாற்றினால் போகாது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பில் காரணமில்லாமல் கை வைத்தால், இல்லாத கோளாறை நாமே கூப்பிட்டு உட்கார வைத்த கதையாகிவிடும்.

அதனால் எதையும் டவுன்லோட் செய்வதற்கு முன் ஒரு துண்டுத் தாளில் ஒரே வரி எழுதுங்கள்: எதற்காக அப்டேட்? "பழசாகிவிட்டது" என்று எழுதியிருந்தால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு விளையாடப் போகலாம்.

காரணம் டிரைவர்தானா?

அடிக்கடி டிரைவர் மேல் விழும் பழிகள் இவை.

சார்ஜர் போடாமல் விளையாடினால் மட்டும் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்ற எண்) பாதியாகிறது. பேட்டரியில் கிராபிக்ஸ் சிப்பான ஜிபியுவுக்குப் போகும் வாட் குறைவு, லேப்டாப் அப்படித்தான் இருக்கும்.

கேம் தவறான ஜிபியுவில் ஓடுகிறது. பல கேமிங் லேப்டாப்களில் சிபியுவோடு சேர்ந்த ஆன்போர்டு ஒன்று, தனி என்விடியா ஒன்று என இரண்டு ஜிபியு இருக்கும். கேம் ஓடும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியு 0, ஜிபியு 1 இரண்டையும் பாருங்கள். இன்டெல் அல்லது ரேடியான் ஆன்போர்டு 95 சதவீதத்தில் திணற, என்விடியா 2 சதவீதத்தில் தூங்கினால், செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் போய் அந்த கேமுக்கு ஹை பெர்ஃபார்மன்ஸ் வைத்தால் தீர்ந்தது. டவுன்லோட் எதுவும் வேண்டாம்.

அடுத்தது சூடு. சேலத்து ஏப்ரல், மே வெயிலில் ஃபேன் மட்டும் சுற்றும் அறையில் லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து விளையாடினால் எந்த டிரைவரும் காப்பாற்றாது. பல லேப்டாப்களில் ஜிபியு 87 டிகிரியைத் தொட்டதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எச்டபிள்யூ இன்ஃபோ என்ற அளவு காட்டும் சாஃப்ட்வேரைப் போட்டு, வெப்பநிலை ஏற ஏற கிளாக் (ஜிபியு ஓடும் வேகம்) இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் தேவை தூசு தட்டலும் புது தெர்மல் பேஸ்ட்டும்.

டிரைவரைச் சந்தேகிக்க வேண்டிய அறிகுறி வேறு மாதிரி இருக்கும். திரை ஒரு நொடி கருத்துத் திரும்பி வரும், கேம் தானாக மூடிக்கொள்ளும். அப்படி நடந்தால் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் பக்கம் போய் அந்த நேரத்தைத் தேடுங்கள். "டிஸ்ப்ளே" என்ற பெயரோடு 4101 எண் இருந்தால், ஜிபியு 2 நொடிக்கு மேல் பதில் சொல்லாததால் விண்டோஸ் டிரைவரை ரீசெட் செய்திருக்கிறது என்று பொருள். இதுவும் முழு நிரூபணம் ஆகாது. அளவுக்கு மீறிய ஓவர்கிளாக்கும் (கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஜிபியுவை ஓட்டுவது) சூடும் இதே எண்ணைத்தான் எழுதும். ஓவர்கிளாக் செய்யும் ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேரில் எதையாவது ஏற்றியிருந்தால் முதலில் அதை டீஃபால்ட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் பாருங்கள்.

அப்டேட் செய்ய நியாயமான காரணங்கள்

புதிதாக வாங்கிய கேம் "டிரைவர் பழையது" என்று சொல்லி நின்றுவிடுகிறது. உங்களுக்கு இருக்கும் அதே கோளாறு, புது டிரைவரின் ரிலீஸ் நோட்ஸில் சரிசெய்யப்பட்டவை பட்டியலில் வந்திருக்கிறது. அல்லது பாதுகாப்பு ஓட்டை அடைக்கும் அப்டேட். என்விடியா இவற்றைத் தனி அறிவிப்பாகவே வெளியிடும். இதற்கு மட்டும் கேம் ஆடாதவர்களும் அப்டேட் செய்ய வேண்டும்.

ரிலீஸ் நோட்ஸை யாரும் படிப்பதில்லை. முழுதாகப் படிக்கவும் வேண்டாம். சரிசெய்யப்பட்டவை ஒரு பட்டியல், இன்னும் சரியாகாதவை இன்னொரு பட்டியல். இரண்டிலும் உங்கள் கேமின் பெயரையும் ஜிபியு வரிசையையும் தேடினால் போதும். இரண்டாவது பட்டியலில் உங்கள் கேம் இருந்தால் அந்த டிரைவரைத் தாண்டிப் போய்விடுங்கள்.

வெளியான அன்றே போடுவதும் வேண்டாம், பத்து நாள் பொறுங்கள். 2025 தொடக்கத்தில் வந்த என்விடியாவின் 572 வரிசை டிரைவர்களில் திரை கருத்துப்போவதாகப் புகார் குவிந்தது. ஏப்ரலில் வந்த 576.02 பலவற்றைச் சரிசெய்தது. ஆனால் ஸ்லீப்பிலிருந்து எழுந்த பிறகு ஜிபியு வெப்பநிலையை ஒழுங்காகக் காட்டாத புதுச் சிக்கல் அதிலேயே முளைத்தது. அதற்கு 576.15 என்று ஒரு ஹாட்ஃபிக்ஸ் (அவசரத் திருத்தம்) விட்டார்கள். பொறுத்திருந்தவர்கள் மூன்று தடவைக்குப் பதில் ஒரே தடவை இன்ஸ்டால் செய்தார்கள்.

பழைய லேப்டாப் வாங்கியவர்களுக்கு ஒரு தகவல். ஜிடிஎக்ஸ் 1050, 1060, 1070 எல்லாம் பாஸ்கல் வகை. இவற்றுக்கு கேம் ரெடி டிரைவர் (புது கேம்களுக்கென்று என்விடியா விடும் வகை) 2025 அக்டோபரோடு நின்றது. 580 வரிசைதான் கடைசி. 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். ஜிடிஎக்ஸ் 1650 பார்க்க அதன் தம்பி போல இருந்தாலும் டூரிங் வகை, அது இந்தக் கணக்கில் வராது.

இப்போது இருக்கும் வெர்ஷன் எது?

விண்டோஸ் கீயோடு எக்ஸ் அழுத்தி டிவைஸ் மேனேஜர், டிஸ்ப்ளே அடாப்டர்ஸ், என்விடியா மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டிரைவர். அங்கே 32.0.15.6636 என்பது போல நீளமாக ஒன்று இருக்கும். புள்ளிகளை மறந்துவிட்டுக் கடைசி ஐந்து இலக்கத்தை மட்டும் எடுங்கள்: 56636. அதில் மூன்று தள்ளிப் புள்ளி வைத்தால் 566.36. என்விடியா தளத்தில் இருக்கும் எண் இதுதான்.

இந்த எண்ணை அந்தத் துண்டுத் தாளிலேயே எழுதி, இதே வெர்ஷனின் இன்ஸ்டாலரையும் முதலில் டவுன்லோட் செய்து வையுங்கள். புது டிரைவர் காலை வாரினால் திரும்பி வரும் வழி இதுதான். டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவருக்குத் திருப்பும் ரோல் பேக் பட்டன் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். கிளீன் இன்ஸ்டால் (பழையதை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது) செய்த பிறகு அது பெரும்பாலும் மங்கிப்போய், அழுத்த முடியாமல் கிடக்கும்.

டவுன்லோட்

எது எங்கிருந்து என்பதில் என் கட்சி இது: என்விடியா டிரைவர் என்விடியா தளத்திலிருந்து, ஆன்போர்டு இன்டெல் அல்லது ஏஎம்டி டிரைவர் லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்திலிருந்து. பல லேப்டாப்களில் திரைக்குப் படம் அனுப்புவது ஆன்போர்டு சிப்தான். பிரைட்னஸ் கீயும் ஸ்லீப்பும் ஒழுங்காக வேலை செய்ய, கம்பெனி பரிசோதித்த டிரைவரே நல்லது. "ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரும்" என்று விளம்பரம் செய்யும் சாஃப்ட்வேர்கள் பக்கமே போக வேண்டாம்.

என்விடியா தளத்தில் தேடும்போது ஆர்டிஎக்ஸ் 40 சீரிஸ் என்று இரண்டு வரிகள் இருக்கும். நோட்புக்ஸ் என்று சேர்ந்திருப்பதுதான் உங்களுடையது. கேம் ரெடியா ஸ்டுடியோவா? மாதம் ஒரு புது கேம் வாங்குபவர் இல்லையென்றால் ஸ்டுடியோ போதும். அதிலும் எல்லா கேமும் ஓடும்.

ஒவ்வொரு இன்ஸ்டாலரும் முக்கால் ஜிபி அளவுக்கு இருக்கும், பழையதும் புதியதும் சேர்ந்தால் ஒன்றரை. ஏற்காட்டுக்காரர்கள் சேலத்தில் வேலை இருக்கும் நாளில் இறக்கிக்கொள்வது உத்தமம். எஸ்டேட் பக்கம் ஒரு கோடு சிக்னலில் ஆரம்பித்தால் 92 சதவீதத்தில் அறுந்து நிற்கும். அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவுக்குள் ஹாட்ஸ்பாட்டில் முடித்துவிடலாம் என்ற கணக்கும் வேண்டாம்.

இன்ஸ்டால்

சாதாரணமாக ஒரு வெர்ஷனிலிருந்து அடுத்ததற்குப் போக டிடியு (டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர், பழைய டிரைவரை அடியோடு துடைக்கும் சாஃப்ட்வேர்) தேவையில்லை. கோளாறு வந்தால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப ரீஸ்டோர் பாயிண்ட் ஒன்று உருவாக்குங்கள். சார்ஜரைச் செருகுங்கள். இன்ஸ்டாலரில் கஸ்டம் தேர்ந்தெடுத்து "பெர்ஃபார்ம் கிளீன் இன்ஸ்டலேஷன்" டிக் செய்து ஓட விடுங்கள். நடுவில் திரை சில நொடி கருக்கும், ரெசல்யூஷன் மாறும். பயந்து பவர் பட்டனை அழுத்திப் பிடித்துவிடாதீர்கள். என்விடியா கன்ட்ரோல் பேனலில் மாற்றி வைத்திருந்த செட்டிங் எல்லாம் அழிந்துவிடும், ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் நல்லது.

அதற்கும் அடங்காமல் கோளாறு தொடர்ந்தால்தான் டிடியு. பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதுவும் டிடியுவுக்குள் போவதற்கு முன்பே.

டிடியுவை சேஃப் மோடில் (விண்டோஸ் மிகத் தேவையானதை மட்டும் ஏற்றிக்கொண்டு ஓடும் நிலை) ஓட்ட வேண்டும். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய் 4 அழுத்தினால் சேஃப் மோட். ஆனால் விண்டோஸ் 11 லேப்டாப் பலவற்றில் டிஸ்க் என்கிரிப்ஷன் (டிஸ்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் வசதி) நமக்குத் தெரியாமலே ஆன் ஆகியிருக்கும். அப்போது நீலத் திரையில் பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்டு நிற்கும், 48 இலக்கம். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணக்கின் பாஸ்வேர்டும் மறந்திருந்தால் கதை கந்தல். ஆகவே வேறு எதையும் தொடுவதற்கு முன், போன் பிரவுசரில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, ரெக்கவரி கீயைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அதைத் தாண்டினால் அடுத்த முட்டுக்கட்டை லாகின். தினமும் நான்கு இலக்க பின் போட்டே பழகியிருப்போம். சேஃப் மோடில் "பின் கிடைக்கவில்லை" என்று சொல்லி பாஸ்வேர்டு கேட்கலாம். அதனால் முதல் நாளே சாதாரண விண்டோஸில் ஒருமுறை பின்னுக்குப் பதிலாக பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள்.

இந்த இரண்டும் கைவசம் இருந்தால் மிச்சமெல்லாம் சுலபம். மக்ஸ் ஸ்விட்ச் (திரைக்குப் படம் அனுப்புவது எந்த ஜிபியு என்று மாற்றும் வசதி) உள்ள லேப்டாப்பை முதலில் இரண்டு ஜிபியுவும் சேர்ந்து வேலை செய்யும் ஹைப்ரிட் மோடுக்கு மாற்றுங்கள். வைஃபையை அணையுங்கள், லேன் கேபிளைப் பிடுங்குங்கள். சேஃப் மோடில் டிடியுவைத் திறந்து ஜிபியு, என்விடியா தேர்ந்தெடுத்து "கிளீன் அண்ட் ரீஸ்டார்ட்". இன்டெல்லையோ ஆன்போர்டு ஏஎம்டியையோ சேர்த்து அழிக்காதீர்கள். விண்டோஸ் திரும்ப வந்ததும் நெட் இல்லாமலே இன்ஸ்டாலரை ஓட்டுங்கள். நெட்டை முன்னாடியே போட்டால் விண்டோஸ் அப்டேட் தன்னிடம் இருக்கும் ஏதோ ஒரு பழைய டிரைவரை முந்திக்கொண்டு ஏற்றிவிடும்.

போட்ட பிறகு

"புது டிரைவர் மோசம், திக்கித் திக்கி ஓடுது" என்று முதல் பத்து நிமிடத்தில் முடிவு கட்டாதீர்கள். டிரைவர் மாறினால் சேமித்து வைத்த ஷேடர் கேஷ் (காட்சிகளை வரைய கேம் முன்கூட்டித் தயாரித்து வைத்த ஃபைல்கள்) செல்லாமல் போகும், கேம் எல்லாவற்றையும் மறுபடி தயாரிக்கும். அரை மணி நேரம் விளையாடிவிட்டுப் பிறகு அளந்து பாருங்கள். என்விடியா ஆப்பில் ஆல்ட்டோடு ஆர் அழுத்தினால் எஃப்பிஎஸ்ஸும் வெப்பநிலையும் திரையில் வரும். அதே கேம், அதே இடம், அதே செட்டிங், மூன்று முறை. சராசரியை விட 1 சதவீத லோ (மிக மெதுவாக ஓடிய 1 சதவீதத்தின் எஃப்பிஎஸ்) என்ற எண்தான் திக்கலைக் காட்டும்.

அளக்கும் இடமும் ஒன்றாக இருக்கட்டும். அப்டேட்டுக்கு முன்பு ஏற்காட்டுக் குளிரில் காலையிலும், பின்பு சேலம் அஸ்தம்பட்டி மாடி வீட்டில் மதியம் இரண்டு மணிக்கும் அளந்தால், அந்த வித்தியாசம் டிரைவருடையது என்று சொல்ல முடியாது.

பின்சேர்க்கை 1: ஏஎம்டி ரேடியான் வைத்திருப்பவர்கள் கேட்டது. ஏஎம்டியின் அட்ரெனலின் சாஃப்ட்வேரைத் திறந்தால் "விண்டோஸ் அப்டேட் டிரைவரை மாற்றியிருக்கலாம், இந்த வெர்ஷன் பொருந்தவில்லை" என்று வருகிறதாம். விண்டோஸ் பின்வாசல் வழியாக டிரைவரை மாற்றியதன் அடையாளம் அது. ஸ்டார்ட்டில் "டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்" என்று தேடி, "நோ" வைத்துச் சேமியுங்கள். பிறகு ஏஎம்டி இன்ஸ்டாலரை ஃபேக்டரி ரீசெட் டிக்கோடு (அது துடைப்பது பழைய ஏஎம்டி சாஃப்ட்வேரை மட்டும்தான், லேப்டாப்பை அல்ல) மறுபடி ஓட்டுங்கள். ஆப்ஷனல் என்று வருவதை விட்டுவிட்டு ரெகமண்டட் என்று இருப்பதையே எடுங்கள்.

பின்சேர்க்கை 2: டிடியு போட்ட பிறகு ஜிபியு முன்பு தொட்ட வாட்டைத் தொடவில்லை என்றால், டிவைஸ் மேனேஜரில் சாஃப்ட்வேர் டிவைசஸைத் திறந்து "என்விடியா பிளாட்ஃபார்ம் கன்ட்ரோலர்ஸ் அண்ட் ஃபிரேம்வொர்க்" வரியில் மஞ்சள் குறி இருக்கிறதா பாருங்கள். சிபியுவும் ஜிபியுவும் பவரைப் பங்கிட்டுக்கொள்வது அது வழியாகத்தான். குறி இருந்தால் என்விடியா இன்ஸ்டாலரை இன்னொரு முறை ஓட்டுங்கள். அப்படியும் போகாவிட்டால் லேப்டாப் கம்பெனி பக்கத்தில் உங்கள் மாடலுக்கு இருக்கும் விஜிஏ (கிராபிக்ஸ்) டிரைவரைப் போடுங்கள். வெர்ஷன் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை.

பின்சேர்க்கை 3: சி டிரைவில் இடம் போய்விட்டது என்று கேட்டவர்களுக்கு: சி டிரைவில் என்விடியா என்ற பெயரிலேயே ஒரு ஃபோல்டர் இருக்கும், இன்ஸ்டாலர் பிரித்துப் போட்ட ஃபைல்கள் அவை. அழித்துவிடலாம். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் என்விடியா கார்ப்பரேஷன் என்று இன்னொரு ஃபோல்டர் இருக்கும், அதைத் தொடாதீர்கள்.