பேரிடர் ஆய்வு ஜர்னலுக்கு முதல் பேப்பர்: களத்துக்குப் போகும் முன்பே பாலிசி பக்கத்தைப் படியுங்கள்

முதல் பேப்பர் எழுதுகிற ஸ்காலர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். களத்துக்குப் போய்த் தரவு திரட்டுவது, ஊர் திரும்பி எழுதுவது, கைடிடம் காட்டித் திருத்துவது, அப்புறம் எந்த ஜர்னலுக்கு அனுப்பலாம் என்று தேடுவது, எல்லாம் முடிந்து சப்மிட் பட்டனை அழுத்தப் போகிற ராத்திரி அந்த ஜர்னலின் விதிகள் இருக்கும் பாலிசி பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழே ஒரு ஓட்டு ஓட்டுவது. நானும் அப்படித்தான் செய்தேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. அடுத்த சில வாரங்களில் நான் அந்தப் பக்கம் போய், தென்னை விழுந்து போன குடும்பங்களிடம் பேசி, நோட்டு நோட்டாக எழுதிக்கொண்டு வந்தேன். பேப்பர் தயாரானதும் ஒரு ஜர்னலின் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தால், எத்திக்ஸ் கமிட்டியின் (ஆய்வில் பங்கேற்கும் மனிதர்களுக்குத் தீங்கு வராதா என்று முன்கூட்டியே பார்த்து அனுமதி தரும் குழு) பெயர், அனுமதி எண், அனுமதி கிடைத்த தேதி என்று மூன்று கட்டங்கள் இருந்தன. என்னிடம் எதுவும் இல்லை. கமிட்டியிடம் போய் நின்றபோது, முடிந்துபோன வேலைக்கு இப்போது அனுமதி தர முடியாது என்றார்கள், அவர்கள் சொன்னது சரிதான். அந்த நேர்காணல்கள் இன்றுவரை அச்சேறவில்லை. நேரம் ஒதுக்கிப் பேசிய அந்த மக்களுக்கு நான் செய்த பெரிய குறையாகவே இதை நினைக்கிறேன். இன்னொருவருக்கு இது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

சரி, படிப்படியாகப் போவோம்.

படி 1: ஜர்னல் உண்மையானதா என்று பாருங்கள்

முன்பெல்லாம் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி ஏற்ற ஜர்னல்களின் பட்டியலான யுஜிசி-கேர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்றிருந்தோம். 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலையே யுஜிசி கைவிட்டுவிட்டது, ஆகவே இனி சோதிக்கும் பொறுப்பு நம்முடையது. ஐஎஸ்எஸ்என் இருக்கிறது என்பதைத் தகுதிச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது வெறும் எட்டு இலக்க அடையாள எண், தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏழு நாளில் ரிவியூ (அதே துறை ஆய்வாளர்கள் கட்டுரையை மதிப்பிடுவது) முடித்துத் தருகிறோம் என்று மெயில் வந்தால் அதை அப்படியே அழித்துவிடலாம், ஏனென்றால் பேரிடர் துறையில் நல்ல ரிவியூவர் ஒருவரைச் சம்மதிக்க வைப்பதற்கே அதைவிட நாள் பிடிக்கும்.

பாலிசி பக்கத்தில் கோப் என்ற பெயர் வருகிறதா என்று தேடுங்கள். 1997-இல் இங்கிலாந்தில் மருத்துவ ஜர்னல் எடிட்டர்கள் சிலர் தொடங்கிய பதிப்பு நெறிக் குழு அது. இப்போது ஆசிரியர் தகராறு, தரவு மோசடி, எழுத்துத் திருட்டு என்று எது வந்தாலும் பெரும்பாலான ஜர்னல்கள் அதன் வழிமுறைப்படிதான் நடக்கின்றன. ஆனால் லோகோவை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். கோப்பின் தளத்திலேயே உறுப்பினர் பட்டியல் இருக்கிறது, அங்கே போய்ப் பெயரைத் தட்டிப் பாருங்கள். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய ஓபன் ஆக்சஸ் ஜர்னல் என்றால் டிஓஏஜே என்ற திறந்த ஜர்னல்களின் பட்டியலிலும் தேடுங்கள். இரண்டும் சேர்ந்து பத்து நிமிட வேலை.

படி 2: எந்த வகை ரிவியூ என்று கண்டுபிடியுங்கள்

பொதுவாக மூன்று வகை. முதல் வகையில் ரிவியூவருக்கு உங்கள் பெயர் தெரியும், உங்களுக்கு அவர் பெயர் தெரியாது. இரண்டாவதில் இரண்டு பக்கமும் தெரியாது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வரும் பேரிடர் ஆய்வு ஜர்னல் ஜாம்பா இந்த முறையில்தான் நடக்கிறது. மூன்றாவது, எல்லாம் வெளிப்படையாக நடப்பது.

இரண்டாவது வகைக்கு அனுப்புகிறீர்கள் என்றால் தலைப்பின் கீழே இருக்கும் பெயரை எடுத்துவிட்டால் போதாது. வேர்ட் ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில் உங்கள் பெயர் உட்கார்ந்திருக்கும். "எங்கள் முந்தைய ஆய்வில் காட்டியபடி" என்ற ஒரு வரி உங்களைக் காட்டிக் கொடுக்கும். நன்றியுரை, நிதி தந்த அமைப்பு, எத்திக்ஸ் கமிட்டியின் பெயரோடு வரும் கல்லூரிப் பெயர் ஆகிய மூன்றையும் தனியான டைட்டில் பேஜுக்கு மாற்றுங்கள்.

மூன்றாவது வகையில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்களுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை. நேச்சுரல் ஹசார்ட்ஸ் அண்ட் எர்த் சிஸ்டம் சயின்சஸ் என்று ஒரு ஜர்னல், சுருக்கமாக என்ஹெச்இஎஸ்எஸ். 2001-இல் தொடங்கிய இதை ஐரோப்பிய புவி அறிவியல் சங்கத்துக்காக கோப்பர்நிகஸ் பதிப்பகம் நடத்துகிறது. வெள்ளம், நிலச்சரிவு, புயல், நிலநடுக்கம் எல்லாம் அதில் வரும். அங்கே எடிட்டரின் முதல் சோதனையில் தேறிய கட்டுரை பிரிபிரிண்டாக, அதாவது ரிவியூ முடியும் முன்பே, எல்லாருக்கும் தெரியும்படி வெளியாகிறது. அப்புறம் ரிவியூவர்கள் எழுதும் கருத்துகள், ஆசிரியர்கள் தரும் பதில்கள் எல்லாம் அதே பக்கத்தில் பொதுவாகவே வருகின்றன. ரிவியூவர் விரும்பினால் தன் பெயரைப் போடலாம், மறைத்தும் கொள்ளலாம். வெளியிலிருந்து வேறு ஆய்வாளர்களும் கருத்துச் சொல்லலாம். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகும் அந்த உரையாடல் அழியாமல் இருக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் தலைப்புக்கு நெருக்கமான இரண்டு கட்டுரைகளை அங்கே தேடி எடுங்கள். கட்டுரையைப் படிப்பதற்கு முன் ரிவியூவர்களின் கருத்துகளை மட்டும் படியுங்கள், ஆசிரியர்களின் பதிலை அப்புறம் படியுங்கள், கடைசியாகத்தான் அச்சான கட்டுரை. எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே போங்கள். மாதிரியை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், தரவில் உள்ள நிச்சயமின்மை எவ்வளவு, இந்த ஊரில் கண்டது மற்ற ஊருக்கும் பொருந்துமா என்று அந்தப் பட்டியல் வளர வளர, உங்கள் பேப்பரின் ஓட்டைகள் உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும்.

படி 3: மனிதர்களிடம் தரவு எடுப்பது பற்றிய விதிகள்

மற்ற எதையும் விட்டாலும் இதை விடாதீர்கள். பாலிசி பக்கத்தில் மனிதப் பங்கேற்பாளர்கள் பற்றிய பத்தியை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். நேர்காணல், சர்வே, குழுக் கலந்துரையாடல் எதுவானாலும் எத்திக்ஸ் கமிட்டியின் முன் அனுமதியைக் கேட்கும் ஜர்னல்கள் மிகப் பல. உங்கள் கல்லூரியில் மருத்துவ ஆய்வுக்கு மட்டும்தான் கமிட்டி இருக்கிறது என்றால், சமூக ஆய்வைப் பரிசீலிக்கும் கமிட்டி உள்ள பக்கத்துப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்ய முடியுமா என்று கைடிடம் இப்போதே பேசுங்கள். 2017-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளில் பேரிடர், அவசரநிலைக் கால ஆய்வுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அது மருத்துவ, உடல்நல ஆய்வுக்காக எழுதியதுதான் என்றாலும், விண்ணப்பம் எழுதும்போது அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மிகவும் உதவும்.

அடுத்தது ஒப்புதல். படிவத்தில் கையெழுத்து வாங்கினால் முடிந்தது என்று நினைப்போம். வேதாரண்யம் பக்கத்தில் ஓர் அம்மாவிடம் தாளை நீட்டியபோது அவர் உள்ளே போய் ரேஷன் கார்டையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு வந்து, "எந்த எடத்துல கையெழுத்துப் போடணும் தம்பி, பணம் எப்ப வரும்?" என்று கேட்டார். அந்த வாரம் அவர் கண்ட தாள்கள் எல்லாமே நிவாரணக் கணக்கெடுப்புத் தாள்கள்தான். அந்த நிலையில் வாங்கும் கையெழுத்தை ஒப்புதல் என்று சொல்லவே முடியாது. நான் அரசு ஆள் இல்லை, இதனால் பணம் வராது, பேசாவிட்டால் எந்த நிவாரணமும் நிற்காது, பாதியில் வேண்டாம் என்றாலும் சரி என்று நான்கையும் வாயால் சொல்லி, அவர் புரிந்துகொண்டார் என்று தெரிந்த பிறகுதான் பேச ஆரம்பிக்க வேண்டும். வாய்மொழி ஒப்புதலைப் பதிவு செய்துகொள்வதற்கும் பல கமிட்டிகள் அனுமதி தருகின்றன, ஆனால் அதையும் முன்கூட்டியே விண்ணப்பத்தில் எழுதியிருக்க வேண்டும்.

இன்னொன்று, அடையாளம் மறைப்பது. பெயரை மாற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. 2004 சுனாமியில் கணவரையும் மகளையும் இழந்து இப்போது கருவாட்டு வியாபாரம் செய்யும் 52 வயதுப் பெண் என்று எழுதி, பக்கத்தில் கிராமத்தின் பெயரையும் போட்டால், அந்த ஊரில் அவர் யார் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். வயதை ஐம்பதுகளில் என்று ஆக்குங்கள், கிராமத்தை எடுத்துவிட்டு வட்டத்தை மட்டும் வையுங்கள், தொழிலைப் பொதுவாகச் சொல்லுங்கள். தரவைப் பொதுவில் வைக்கச் சொல்லும் ஜர்னல்கள் உண்டு. அப்போது வீடுகளின் ஜிபிஎஸ் புள்ளிகளை அப்படியே ஏற்றிவிடாதீர்கள். தர முடியாத தரவுக்கு ஏன் தர முடியாது என்று காரணம் எழுத, கட்டுரையோடு சேர்க்கும் தரவு பற்றிய அறிக்கையில் பெரும்பாலும் இடம் இருக்கும்.

படி 4: யார் ஆசிரியர்?

மருத்துவ ஜர்னல் எடிட்டர்களின் சர்வதேசக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளைப் பல துறைகளும் பின்பற்றுகின்றன. ஆய்வைத் திட்டமிட்டதிலோ தரவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, எழுதியதில் அல்லது ஆழமாகத் திருத்தியதில் பங்கு, கடைசி வடிவத்துக்குச் சம்மதம், எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்பது. நான்கும் சேர்ந்திருக்க வேண்டும். நிதி வாங்கித் தந்தது, துறைத் தலைவராக இருப்பது இவற்றுக்கு நன்றியுரையில் இடம் உண்டு, ஆசிரியர் வரிசையில் இல்லை. நம் ஊரில் இதைப் பேசுவது கஷ்டம் என்று தெரியும். அதனால்தான் பேப்பர் எழுத ஆரம்பிக்கும் முன்பே பாலிசி பக்கத்தை அச்செடுத்து கைடின் மேசையில் வைத்து, "சார், ஜர்னல்ல இப்படிக் கேக்குறாங்க" என்று தொடங்குவது நல்லது. உங்களுக்காகத் தெருத் தெருவாக நடந்து நேர்காணல் எடுத்த உள்ளூர்ப் பையனுக்குப் பகுப்பாய்விலும் எழுத்திலும் சேர வாய்ப்புக் கொடுத்தீர்களா என்பதையும் யோசியுங்கள். சாட்ஜிபிடி போன்றவற்றை ஆசிரியராகப் போடக் கூடாது என்று கோப் 2023-லேயே சொல்லிவிட்டது. பயன்படுத்தியிருந்தால் எங்கே, எதற்கு என்று மறைக்காமல் எழுதுங்கள்.

படி 5: அனுப்பும் முன் இரண்டு சின்ன விஷயங்கள்

இயற்கைப் பேரிடர் என்ற சொல்லைத் தேடி எடுத்துவிடுங்கள். புயல் இயற்கை. கரையோரக் குடிசை, இடிந்த பள்ளிக்கூடம், வராத எச்சரிக்கை எதுவும் இயற்கை இல்லை. 1976-லேயே ஓகீஃப், வெஸ்ட்கேட், விஸ்னர் மூவரும் நேச்சர் இதழில் இதை எழுதிவிட்டார்கள். ஐநாவின் பேரிடர் இடர் குறைப்பு அலுவலகமும் இப்போது அந்தச் சொல்லைத் தவிர்க்கத்தான் சொல்கிறது. இந்தத் துறையின் ரிவியூவர்களில் பலர் அந்தச் சொல்லைப் பார்த்ததும் பேனாவை எடுப்பார்கள்.

வரைபடம் போட்டிருந்தால் அடிப்படை வரைபடம் யாருடையது என்று குறிப்பிடுங்கள். கூகுள் மேப்பை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒட்டியிருந்தால் எடுத்துவிட்டு, க்யூஜிஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் நீங்களே வரையுங்கள்.

படி 6: அனுப்பியபின்

ஒரு நேரத்தில் ஒரு ஜர்னல்தான். இரண்டுக்கு அனுப்பி எது முதலில் வருகிறதோ அதை எடுத்துக்கொள்வது எல்லா இடத்திலும் விதிமீறல், பிடிபட்டால் இரண்டும் போகும். சில நாட்களிலேயே ரிவியூவுக்குப் போகாமல் திரும்பி வந்தால் கலங்க வேண்டாம். பல நேரம் ஜர்னலின் எல்லைக்குள் தலைப்பு வரவில்லை என்பதுதான் காரணமாக இருக்கும். மேஜர் ரிவிஷன், அதாவது பெரிய திருத்தம் தேவை என்று வந்தால் அது நல்ல செய்தி, அவர்களுக்கு உங்கள் பேப்பரில் விருப்பம் இருக்கிறது.

பதில் எழுதும் விதத்தை ஓர் உதாரணத்தோடு காட்டுகிறேன். ரிவியூவர் இப்படிக் கேட்கிறார் என்று வையுங்கள்: "நாற்பது பேரில் பெண்கள் ஒன்பது பேர்தான், ஏன்?" நம்மில் பலர் எழுதும் பதில்: "கருத்துக்கு நன்றி, திருத்திவிட்டோம்." இதை வைத்துக்கொண்டு எடிட்டர் என்ன செய்வார்? இப்படி எழுதுங்கள்: "நேர்காணல்கள் மாலை நேரத்தில் ஏலக்கூடத்தருகே நடந்ததால் ஆண்களே அதிகம் கிடைத்தார்கள். இது எங்கள் முறையில் உள்ள குறை. இதை முறையியல் பகுதியின் மூன்றாம் பத்தியில் சேர்த்திருக்கிறோம், பெண்களின் அனுபவம் குறித்த முடிவுகளை இரண்டு இடங்களில் மட்டுப்படுத்தியிருக்கிறோம், பக்கம் 11, 14." கேள்வியை அப்படியே ஒட்டி, அதன் கீழே பதில், அதன் கீழே மாற்றிய வரி, பக்க எண். ரிவியூவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தாலும், அப்படிப் புரியும்படி நாம் எழுதியிருக்கிறோமா என்று முதலில் பாருங்கள். உண்மையிலேயே உடன்பாடு இல்லையென்றால் ஆதாரத்தோடு மறுக்கலாம், அதற்காக யாரும் ரிஜெக்ட் செய்ய மாட்டார்கள். முடிவே அநியாயம் என்று தோன்றினால் முறையீடு செய்ய வழி இருக்கிறதா என்று பாலிசி பக்கத்தில் பாருங்கள், ஆனால் கோபம் ஆறி ஒரு வாரம் கழித்து எழுதுங்கள்.

படி 7: ப்ரூஃப்

ஏற்கப்பட்ட பிறகு, அச்சுக்கு முன் சரிபார்க்க ப்ரூஃப் வரும், பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்தான் அவகாசம் தருவார்கள். முதலில் உங்கள் பெயரைப் பாருங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, படிவம் அதைக் கட்டாயமாகக் கேட்கும், நாம் இனிஷியலை அங்கே போடுவோம், கடைசியில் மேற்கோள்களில் உங்கள் அப்பா பெயரோ வெறும் 'எஸ்' என்ற ஓரெழுத்தோ வந்து நிற்கும். ஒரு வடிவத்தை முடிவு செய்து ஆய்வாளர்களை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண்ணை வாங்கி, எல்லாப் பேப்பரிலும் அதையே போடுங்கள். அப்புறம் ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல். கோடியக்கரையை ஒரு பக்கத்தில் ஒரு மாதிரியும் அட்டவணையில் வேறு மாதிரியும் எழுதியிருப்போம், அச்சகத்தில் அதைக் கண்டுபிடிக்க யாருக்கும் நம் ஊர் தெரியாது.