பழைய பிளேஸ்டேஷன் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் ஓடவைப்பது எப்படி?

டிஸ்க் பத்திரமாக இருக்கும், கன்சோலின் லென்ஸ் எப்போதோ போயிருக்கும். அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. கன்சோல் செய்த வேலையை அப்படியே கம்ப்யூட்டரில் செய்துகாட்டும் மென்பொருள்தான் எமுலேட்டர். 1994-இல் வந்த முதல் பிளேஸ்டேஷனின் பிராசசர் வேகம் ஏறத்தாழ 34 மெகாஹெர்ட்ஸ், மெயின் மெமரி 2 எம்பி. இன்றைய சாதாரண லேப்டாப்புக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

எல்லாக் கன்சோலுக்கும் ஒரே மென்பொருள் என்று ரெட்ரோஆர்ச்சை இறக்கிவிட்டு, அதன் மெனுவுக்குள் காணாமல் போகிறவர்கள் நிறைய. அருமையான மென்பொருள்தான், ஆனால் முதல் நாளில் வேண்டாம். ஒரு கன்சோல், ஒரு எமுலேட்டர் என்று தொடங்குங்கள். நான் முதல் பிளேஸ்டேஷனுக்கான எமுலேட்டரான டக்ஸ்டேஷனை எடுத்துக்கொள்கிறேன்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. எமுலேட்டர் வேறு, கேம் வேறு. பிளேஸ்டேஷன் எமுலேட்டர் ஒன்றை எதிர்த்து சோனி தொடுத்த வழக்கில், 2000-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் எமுலேட்டர் பக்கமே தீர்ப்பளித்தது. கேமுக்குப் பதிப்புரிமை உண்டு, கண்ட தளத்தில் இறக்காதீர்கள். சொந்த டிஸ்க்கைப் பிரதி எடுப்பதிலும் நாட்டுக்கு நாடு விதி மாறும்.

1. டிஸ்க்கைப் ஃபைலாக்குவது

கம்ப்யூட்டரில் சிடி டிரைவ் இல்லையென்றால் யுஎஸ்பி-யில் இணைக்கும் சிடி டிரைவ் ஒன்றைச் செருகுங்கள். விண்டோஸில் டிஸ்க்கைப் பிரதி எடுக்க இம்க்பர்ன் என்ற மென்பொருள் போதும். டிஸ்க்கிலிருந்து இமேஜ், அதாவது டிஸ்க்கின் ஃபைல் வடிவப் பிரதி, உருவாக்கும் தெரிவை அழுத்தினால் இரண்டு ஃபைல் வரும். பெரியது .பின், அதில்தான் கேம் இருக்கிறது. சின்னது .க்யூ, எந்த டிராக் எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு மட்டும்.

.ஐஎஸ்ஓ-வாக எடுக்காதீர்கள். பிளேஸ்டேஷன் டிஸ்க்கில் ஒரு செக்டார், அதாவது தரவின் ஒரு துண்டு, 2,352 பைட், ஐஎஸ்ஓ அதில் 2,048 பைட்டை மட்டும் வைத்துக்கொள்ளும். டிஸ்க்கில் பாட்டு தனி டிராக்காக இருந்தால் அதுவும் போச்சு.

நான் முதல்முறை சறுக்கியதும் இந்த இடத்தில்தான். ஃபைல் பெயர் அசிங்கமாக இருக்கிறதே என்று .பின், .க்யூ இரண்டுக்கும் அழகாக வேறு பெயர் வைத்தேன். கேம் திறக்கவே இல்லை. ஒரு மாலை முழுக்க செட்டிங்ஸைக் குடைந்த பிறகுதான் .க்யூவை நோட்பேடில் திறந்து பார்த்தேன். முதல் வரியில் மேற்கோள் குறிக்குள் பழைய பெயர் அப்படியே உட்கார்ந்திருந்தது! அதைத் திருத்திச் சேமித்ததும் கேம் ஓடியது. பெயர் மாற்றினால் உள்ளேயும் மாற்றுங்கள். இரண்டு ஃபைலும் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும்.

2. பயாஸ்

கன்சோலை ஆன் செய்ததும் லோகோவும் ஓசையும் வருமே, அது கன்சோலுக்குள்ளேயே பதிந்திருக்கும் பயாஸ் என்ற தொடக்க மென்பொருளின் வேலை. அளவு வெறும் 512 கேபி. சோனியின் சொத்து என்பதால் டக்ஸ்டேஷனுடன் வராது, உங்கள் கன்சோலிலிருந்துதான் எடுக்க வேண்டும். முதல்முறை டக்ஸ்டேஷனைத் திறந்ததும் அமைப்பு உதவி வரும். பயாஸ் ஃபோல்டர், கேம் ஃபோல்டர் இரண்டையும் அங்கே காட்டிவிடுங்கள். எமுலேட்டர் திறக்கிறது, கேம் மட்டும் தொடங்கவில்லை என்றால் முதலில் பயாஸைச் சந்தேகப்படுங்கள்.

3. கன்ட்ரோலர்

யுஎஸ்பி கன்ட்ரோலரைச் செருகி, தானாகப் பொருத்தும் தெரிவைக் கொடுத்தால் முடிந்தது. பட்டனை அழுத்தியும் கேம் அசையவில்லையா? அனலாக் குச்சிகள் கொண்ட டூயல்ஷாக் கன்ட்ரோலர் 1997-இல்தான் வந்தது, அதற்கு முந்தைய சில கேம்களுக்கு அனலாக் என்றால் என்னவென்றே தெரியாது. கன்ட்ரோலர் வகையை டிஜிட்டலுக்கு மாற்றிப் பாருங்கள்.

4. படம்

சுவர், தரை எல்லாம் ஜெல்லி மாதிரி நெளிவது நினைவிருக்கிறதா? அந்தக் கன்சோல் முக்கோணங்களின் முனைகளை முழு பிக்சலில்தான் நிறுத்தும், இடைப்பட்ட பின்னம் அதற்குக் கிடையாது. கேமரா நகரும்போது முனைகள் கட்டம் கட்டமாகத் தாவுவதால்தான் அந்த நெளிவு. கிராஃபிக்ஸ் பக்கத்தில், முனைகளைத் துல்லியமாக நிறுத்தும் பிஜிஎக்ஸ்பி என்ற தெரிவை ஆன் செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஏதாவது காட்சி சிதைந்தால் அந்தக் கேமுக்கு மட்டும் ஆஃப் செய்யுங்கள். எமுலேட்டர் படம் வரையும் அளவான இன்டர்னல் ரெசல்யூஷனை நான்கு மடங்கு வைத்தால் முப்பரிமாண உருவங்கள் கூர்மையாகும், கையால் வரைந்த பின்னணி அப்படியே மங்கலாகத்தான் இருக்கும். படத்தை மட்டும் 16:9-க்கு இழுக்காதீர்கள், ஆட்களெல்லாம் குண்டாகிவிடுவார்கள். 4:3 போதும்.

5. சேமிப்பது

எஃப்2 அழுத்தினால் அந்த நொடி அப்படியே உறையும், எஃப்1 அழுத்தினால் திரும்ப வரும். இதன் பெயர் சேவ் ஸ்டேட். வசதிதான், ஆனால் எமுலேட்டரின் பதிப்பு மாறும்போது பழைய ஸ்டேட் திறக்காமல் போகலாம். கேமுக்குள்ளேயே இருக்கும் சேவ், மெமரி கார்டு ஃபைலில் பதிவாகும். 128 கேபிதான், அதை நகலெடுத்து வேறு கம்ப்யூட்டருக்கும் கொண்டுபோகலாம். எனவே கடினமான கட்டத்துக்கு முன் எஃப்2, அன்றைய ஆட்டத்தை முடிக்கும்போது மெமரி கார்டு.