'மனிதன் இயல்பில் நல்லவனா, கெட்டவனா?' இந்தத் தலைப்பில் பேசத் தயாராவது எப்படி

பள்ளி, கல்லூரிப் பட்டிமன்றங்களில் திரும்பத் திரும்ப வரும் தலைப்பு இது. பிள்ளைகளைப் பேச்சுப் போட்டிகளுக்குத் தயார் செய்யும் தமிழாசிரியை நான். தலைப்பைக் கேட்டதும் பெரும்பாலான பிள்ளைகள் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். 'நல்லவன்' அணி என்றால் காந்தி, அன்னை தெரசா. 'கெட்டவன்' அணி என்றால் ஹிட்லர், அப்புறம் அந்த வாரம் நாளிதழில் வந்த ஒரு கொலைச் செய்தி. கைத்தட்டல் கிடைக்கும், சந்தேகமில்லை. ஆனால் எதிரணியில் கொஞ்சம் படித்தவர் ஒருவர் இருந்தாலும் அத்தனையும் சரிந்துவிடும். எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. கீழே உட்கார்ந்து கேட்கும் சின்னப் பிள்ளைகள் 'யாரையும் நம்பக் கூடாது' என்ற எண்ணத்தோடு வீட்டுக்குப் போகக் கூடாது. 'எல்லாரும் நல்லவர்கள்தான்' என்று நம்பிக்கொண்டும் போகக் கூடாது. ஆகவே எந்த அணியில் பேசினாலும் பயன்படும்படி எழுதுகிறேன்.

ஒரு நோட்டில் மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். யாரும் சொல்லித்தராமலே குழந்தை என்ன செய்கிறது? யாரும் பார்க்காதபோது பெரியவர்கள் என்ன செய்கிறார்கள்? மேலே இருப்பவர் ஆணையிட்டால் என்ன செய்கிறார்கள்? உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு உதாரணமும் இந்த மூன்றில் எதற்குப் பதில் சொல்கிறது என்று பார்த்து அதன் கீழே எழுதுங்கள். எதற்கும் பதில் சொல்லாத உதாரணத்தை அடித்துவிடுங்கள். காந்தியும் ஹிட்லரும் இங்கேயே விழுந்துவிடுவார்கள். கோடியில் ஒருவரைக் காட்டி எல்லாரையும் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அடுத்து, இந்த வழக்கை முதலில் நடத்தியவர்களிடம் போங்கள். சீனாவில் கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த தத்துவஞானி மென்சியஸ் 'நல்லவன்' கட்சி. ஒரு குழந்தை கிணற்றில் விழப்போவதைத் திடீரென்று பார்க்கும் எவருக்கும் மனம் பதறும் என்றார் அவர். குழந்தையின் பெற்றோரிடம் நல்ல பெயர் வாங்கவோ, ஊரார் பாராட்டவோ அந்தப் பதற்றம் வருவதில்லை என்றும் சொன்னார். இங்கே நன்றாகக் கவனியுங்கள்: பதறும் என்றுதான் சொன்னார், ஓடிப்போய்க் காப்பாற்றுவான் என்று சொல்லவில்லை. அந்தப் பதற்றம் ஒரு துளிர், அதை வளர்க்க வேண்டும் என்பது அவர் வாதம். மேடையில் இதைப் பேசும் பிள்ளைகள் எல்லாரும் கிணற்றை எடுத்துக்கொண்டு துளிரை விட்டுவிடுகிறார்கள்.

அவருக்குப் பின்வந்த சுன்ஸி 'மனித இயல்பு கெட்டது' என்று நேராகவே எழுதினார். வளைந்த மரத்தை ஆவியில் காட்டி அழுத்தித்தான் நேராக்க வேண்டும், அதுபோலக் கல்வியும் ஒழுக்கமும்தான் மனிதனை நேராக்கும் என்றார். ஆனால் அதே சுன்ஸி, தெருவில் போகும் சாதாரண ஆளும் முயன்றால் ஞானி ஆகலாம் என்றும் சொல்லியிருக்கிறார். ஆக, எதிரெதிர் அணித் தலைவர்கள் இருவருமே முயற்சியில் வந்து நிற்கிறார்கள். 'கெட்டவன்' அணியில் பேசுபவர்கள் சுன்ஸியின் இந்த இரண்டாம் பாதியைச் சொல்லித் தொடங்கினால், எதிரணி அதை ஆயுதமாக எடுக்க முடியாது.

இப்போது ஆய்வுகள். இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். 'விஞ்ஞானமே நிரூபித்துவிட்டது' என்று மேடையில் முழங்கப்படும் பல சங்கதிகள் கிட்டப்போய்ப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கின்றன.

ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையை எடுத்துக்கொள்வோம். 1971 ஆகஸ்டில் உளவியலாளர் ஃபிலிப் ஸிம்பார்டோ கல்லூரி மாணவர்களைக் காவலர், கைதி என்று பிரித்து விட்டார். காவலர்கள் கொடுமை செய்ய, இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்டதை ஆறு நாளில் நிறுத்தினார். 'அதிகாரம் கிடைத்தால் எல்லாரும் கொடியவர்தான்' என்று நாம் கதையை முடித்துக்கொள்கிறோம். ஆனால் பின்னாளில் வெளிவந்த ஒலிப்பதிவில், மென்மையாக நடந்துகொண்ட ஒரு காவலரை இன்னும் கடுமையாக இருக்கச் சொல்லிச் சோதனைக் குழுவைச் சேர்ந்தவரே வற்புறுத்துவது கேட்கிறது. தவிர, எல்லாக் காவலர்களும் கொடுமை செய்யவில்லை. இந்த உதாரணத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கிட்டி ஜெனோவீஸ் கதையும் அப்படித்தான். 1964 மார்ச்சில் நியூயார்க்கில் அந்த இளம்பெண் குத்திக் கொல்லப்பட்டபோது 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்று நாளிதழ் எழுதியது. உண்மையில் தாக்குதலைக் கண்ணால் பார்த்தவர்கள் வெகு சிலரே. சோஃபியா ஃபரார் என்ற அண்டை வீட்டுப் பெண் இறங்கி ஓடிவந்து, சாகும் தறுவாயில் இருந்தவரைக் கைகளில் தாங்கிக்கொண்டார். அவர் பெயரைச் சொல்லாமல் இந்தக் கதையை யாரும் மேடையேற்றக் கூடாது என்பது என் பிடிவாதம். 2019இல் ஆம்ஸ்டர்டாம், கேப் டவுன், லங்காஸ்டர் ஆகிய மூன்று நகரங்களின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளில் 219 தெருச் சண்டைகளை ஆராய்ந்தார்கள். பத்தில் ஒன்பதில் அருகில் இருந்த ஒருவராவது உதவ முன்வந்திருந்தார்.

'நல்லவன்' அணிக்காரர்கள் இதைப் படித்துத் துள்ள வேண்டாம். உங்கள் செல்லமான கைக்குழந்தை ஆய்வும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. உதவும் பொம்மையையும் தடுக்கும் பொம்மையையும் காட்டினால் ஆறு மாதக் குழந்தைகூட உதவும் பொம்மையைத்தான் எடுக்கிறது என்று 2007இல் யேல் பல்கலைக்கழகத்தார் சொன்னார்கள். பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் அதைத் திரும்பச் செய்து 2024இல் முடிவை வெளியிட்டன. அப்படி ஒரு விருப்பம் தென்படவில்லை. அதற்குப் பதிலாக 2006இல் வார்னெக்கன், டோமசெல்லோ என்ற இரு உளவியலாளர்கள் செய்ததைச் சொல்லுங்கள். துணி காயப்போடும் ஆள் கிளிப்பைக் கீழே தவறவிட்டு எட்டாமல் தவிக்கிறார். ஒன்றரை வயதுக் குழந்தைகள், யாரும் கேட்காமலே, தத்தித் தத்தி வந்து எடுத்துக் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட சின்னச் சின்னச் சூழ்நிலைகளில் 24 குழந்தைகளில் 22 பேர் ஒருமுறையாவது உதவினார்கள்.

இரண்டாம் கேள்விக்கு, அதாவது யாரும் பார்க்காதபோது என்ன நடக்கிறது என்பதற்கு, பணப்பை ஆய்வு நல்லது. இந்தியா உட்பட 40 நாடுகளில், 17,000க்கு மேற்பட்ட பணப்பைகளை 'கண்டெடுத்தோம்' என்று சொல்லி வங்கி, தபால் நிலையம், ஹோட்டல் கவுன்டர்களில் கொடுத்துவிட்டுப் போனார்கள். பணம் இல்லாத பைகளுக்கு 40 சதவீதம் பேர் உரியவரைத் தொடர்புகொண்டார்கள். பணம் இருந்த பைகளுக்கு 51 சதவீதம். பணம் இருந்தால் அமுக்கிவிடுவார்கள் என்றுதான் எல்லாரும் நினைப்போம், நடந்தது நேர்மாறு. எதிரணி சும்மா இருக்காது: 'பாதிப் பேர் தொடர்புகொள்ளவே இல்லையே' என்பார்கள். நியாயமான கேள்வி. மின்னஞ்சல் அனுப்பியதை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள், பையைப் பத்திரமாக எடுத்து வைத்துக் காத்திருந்தவர்கள் கணக்கில் வரவில்லை என்ற பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

மூன்றாம் கேள்விதான் கனமானது. இன்னொருவருக்கு மின்அதிர்ச்சி கொடுக்கச் சொல்லி உளவியலாளர் மில்கிராம் 1961இல் தொடங்கிய சோதனையில் 40 பேரில் 26 பேர் ஆணைக்குக் கட்டுப்பட்டு 450 வோல்ட் பொத்தான் வரை போனார்கள் (அதிர்ச்சி உண்மையில்லை, அவர்களுக்குத்தான் அது தெரியாது). எல்லாரும் இந்த எண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே சோதனையின் இன்னொரு வடிவத்தில் பக்கத்தில் இருந்த இருவர் 'மாட்டோம்' என்று எழுந்தபோது, கடைசிவரை போனவர்கள் 40 பேரில் நான்கே பேர். எந்த அணியில் இருந்தாலும் இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே சொல்லுங்கள்.

சோதனைக்கூடத்துக்கு வெளியே நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் போலந்தின் யூசெஃபூவ் கிராமம். 1942 ஜூலை 13. ஜெர்மானியப் போலீஸ் பட்டாலியன் 101, பெரும்பாலும் ஹாம்பர்க்கிலிருந்து வந்த நடுத்தர வயதுக் குடும்பஸ்தர்கள். மேஜர் ட்ராப் குரல் தழுதழுக்க அவர்களிடம் பேசினார்: ஊரில் உள்ள யூதப் பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் சுட்டுக் கொல்ல வேண்டும், முடியாது என்று நினைக்கும் வயது மூத்தவர்கள் விலகிக்கொள்ளலாம். ஏறத்தாழ 500 பேரில் அப்போது முன்னே வந்து விலகியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அன்று ஏறத்தாழ 1,500 பேர் கொல்லப்பட்டார்கள். விலகியவர்களுக்குப் பெரிய தண்டனை எதுவும் கிடைக்கவில்லை.

'கெட்டவன்' அணி இதைவிட வலுவான சான்றைத் தேட வேண்டியதில்லை. 'நல்லவன்' அணி அதே போர்க்காலத்தில் பிரான்சின் லெ ஷம்போன் கிராமத்தைச் சொல்லலாம். பாதிரியார் ஆந்த்ரே ட்ரோக்மேயும் ஊர் மக்களும் ஆயிரக்கணக்கான அகதிகளை, பெரும்பாலும் யூதர்களை, வீடுகளிலும் பண்ணைகளிலும் ஒளித்துக் காப்பாற்றினார்கள். நம் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டுமானால் 2018 கேரள வெள்ளம்: மலப்புரத்தில் பெண்கள் படகில் ஏற முடியாமல் தவித்தபோது ஒரு மீனவர் தண்ணீரில் மண்டியிட்டுக் குனிந்து தன் முதுகைப் படியாக்கினார்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கீழ்வெண்மணியை இந்தத் தலைப்புக்கு இழுத்து, 'பாருங்கள், மனித இயல்பு' என்று முடிக்காதீர்கள். 1968 டிசம்பர் 25 அன்று தலித் உழைப்பாளிகளும் அவர்கள் குழந்தைகளுமாக 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதன் பின்னால் கூலித் தகராறும் சாதித் திமிரும் திட்டமும் இருந்தன. அதை இயல்பின் கணக்கில் எழுதினால் தீ வைத்தவர்களின் பொறுப்பு கழன்றுவிடும். பேசியே ஆக வேண்டும் என்றால் யார், ஏன் செய்தார்கள் என்று சொல்லிப் பேசுங்கள்.

எதிரணியில் யாராவது 'இயல்பை மாற்ற முடியாது' என்று சொல்லும் இடம் கட்டாயம் வரும். அப்போது யூசெஃபூவில் விலகி நின்றவர்களைப் பற்றிக் கேளுங்கள்: அவர்களும் அதே ஊர், அதே வயது, அதே சீருடை. கேட்டுவிட்டு நடுவரைப் பார்த்துக் கொஞ்சம் நிறுத்துங்கள், உடனே அடுத்த வரிக்குத் தாவாதீர்கள்.

ஐந்து நிமிஷப் பேச்சுக்கு இத்தனையும் வேண்டாம். ஒரு கேள்வி, இரண்டு சான்று போதும். முதல் நாள் இரவு நண்பரோடு அணி மாற்றி ஒருமுறை பேசிப் பாருங்கள். மில்கிராம், சுன்ஸி, யூசெஃபூவ் போன்ற பெயர்கள் வாய்க்குப் பழகும்வரை சத்தமாகச் சொல்லுங்கள். வருஷங்களையும் எண்களையும் ஒரு சிறிய அட்டையில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டையைப் பார்ப்பதால் எந்த நடுவரும் மதிப்பெண் குறைக்கப் போவதில்லை, தப்பான எண் சொன்னால் குறைப்பார்கள்.